ஆதாமின் சாக்கு

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு விசாரணை நடக்கிறது. விலக்கப்பட்ட கனியைத் தின்றுவிட்டு மரங்களுக்கிடையில் ஒளிந்திருக்கும் ஆணையும் பெண்ணையும் கடவுள் கூப்பிட்டுக் கேட்கிறார். முதல் கேள்வி ஆணுக்கு. தின்னக் கூடாது என்று சொன்ன மரத்தின் கனியைத் தின்றாயா என்பதுதான் கேள்வி. ஆம் என்று ஒரே சொல்லில் முடிய வேண்டிய பதிலை ஆதாம் நீட்டுகிறான். கடவுள் தனக்குத் துணையாகக் கொடுத்த பெண் கனியைத் தந்ததாகவும் அதனால் தான் தின்றதாகவும் சொல்கிறான். பழியில் ஒரு பங்கு பெண்மேல், இன்னொரு பங்கு அவளைக் கொடுத்த கடவுள்மேல். தன் செயல் கடைசியில்தான் வருகிறது. முந்தைய அதிகாரத்தில் இதே பெண்ணைக் கண்டு தன் எலும்பும் சதையுமென்று மகிழ்ந்தவன் இவன். கதையை எழுதியவர் இந்தப் பதிலைச் சரியான பதிலாகக் காட்டவில்லை. கீழ்ப்படியாமையால் முதலில் வெட்கம் வந்தது, பிறகு ஒளிவு, அதற்கும் பிறகு பழியைத் தள்ளிவிடும் பழக்கம் என்று படிப்படியாகக் காட்டுகிறார். கிறிஸ்தவ உலகமோ நெடுங்காலம் குற்றம் சாட்டப்பட்டவனின் சாக்கையே நீதிபதியின் தீர்ப்பாக வாசித்து வந்தது. வேதநூலைக் காட்டிப் பெண்ணை அடக்கியவர்களும், அதே காரணத்துக்காக வேதநூலை ஒதுக்கியவர்களும் இந்த ஒரே வாசிப்பைத்தான் நம்பினார்கள். அந்த வாசிப்பு நூலுக்கே பொருந்தாது, அதை முதலிலிருந்தே மறுத்தவர்களும் திருச்சபைக்குள் இருந்தார்கள் என்பதே என் வாதம்.

நூலில் உள்ளதை முதலில் பார்த்துவிடலாம். மரம் தொடர்பான தடையைக் கடவுள் ஆணிடம் சொல்கிறார். அப்போது பெண் படைக்கப்படவே இல்லை. பாம்பு பெண்ணிடம் பேசுகிறது, அவள் வாதாடிப் பார்க்கிறாள், பிறகு கனியைத் தின்கிறாள். அவளோடு இருந்த கணவனுக்கும் கொடுக்கிறாள். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு மறுப்பும் சொல்லாமல் தின்கிறான். அவள் அவனை மயக்கியதாகவோ கெஞ்சியதாகவோ வற்புறுத்தியதாகவோ கதையில் ஒரு சொல்கூடக் கிடையாது. அவையெல்லாம் பிற்கால ஓவியர்களும் பிரசங்கிமாரும் சேர்த்தவை. தண்டனை மூவருக்கும் தனித்தனியாக வருகிறது. சாபம் என்ற சொல் பாம்பின்மேலும் நிலத்தின்மேலும் விழுகிறது. பெண்ணுக்குப் பிரசவ வேதனையும் கணவனின் ஆளுகையும் அறிவிக்கப்படுகின்றன, ஆணுக்கு நெற்றி வியர்வையும் மண்ணுக்குத் திரும்பும் சாவும் அறிவிக்கப்படுகின்றன. மனைவியின் சொல்லைக் கேட்டாய் என்று ஆதாமிடம் கடவுள் சொல்வது உண்மைதான். அதைப் பெண்மேல் சாட்டிய குற்றமாக எடுப்பவர்கள், அந்த வாக்கியம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. கேட்டவனும் நீ, தின்றவனும் நீ என்று அவன் நீட்டிய சாக்கு அவனிடமே திருப்பிக் கொடுக்கப்படுகிறது.

அடுத்து வரும் நூல்களின் மௌனம் இன்னும் முக்கியமானது. எபிரேய வேதத்தில் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்துக்குப் பிறகு ஏவாளின் பெயர் வருவதே இல்லை. இஸ்ரவேலின் பாவங்களைப் பக்கம் பக்கமாகக் கண்டித்த தீர்க்கதரிசிகளில் ஒருவர்கூட, எல்லாவற்றுக்கும் முதல் பெண்தான் காரணம் என்று சொல்லவில்லை. அவர்கள் சொன்னதோ வேறு. எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் முழுவதும் ஒரே கருத்தை வற்புறுத்துகிறது: தகப்பன் செய்ததற்கு மகனோ, மகன் செய்ததற்குத் தகப்பனோ பொறுப்பாக மாட்டார்கள், அவரவர் செயலுக்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும். ஓசியா அதற்கு முன்பே ஒரு படி மேலே போயிருந்தார். மகள்களும் மருமகள்களும் ஒழுக்கம் தவறினார்கள் என்பதற்காக அவர்களைத் தண்டிக்கப் போவதில்லை, ஏனென்றால் ஆண்களே வேசிகளைத் தேடிப் போகிறார்கள் என்று கடவுளின் வாயால் சொல்லவைக்கிறார். கிறிஸ்துவுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய சமூகத்தில், ஆணின் ஒழுக்கத்துக்கும் பெண்ணின் ஒழுக்கத்துக்கும் இரண்டு தராசு வைத்திருந்த வழக்கத்தின் முகத்தில் எறியப்பட்ட வாக்கியம் அது.

இதே வேதத்தில் பழியைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. ஆதாமின் பதிலோடு வைத்துப் படிக்க வேண்டியவை. யூதாவின் மருமகள் தாமார் விதவை. கடைசி மகனை அவளுக்கு மணமுடிப்பதாகச் சொன்ன மாமனார் சொல்லைக் காப்பாற்றவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் உட்காருகிறாள். யூதா அவளை வேசி என்று நினைத்து நெருங்குகிறான், கூலிக்கு ஈடாகத் தன் முத்திரையையும் அதன் கயிற்றையும் கைக்கோலையும் கொடுத்துவிட்டுப் போகிறான். மூன்று மாதத்தில் மருமகள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று செய்தி வருகிறது. விசாரிக்காமலே அவளை வெளியே இழுத்து எரிக்கச் சொல்கிறான். அவள் அந்த மூன்று பொருள்களையும் அவனுக்கு அனுப்பி, இவை யாருடையவையோ அவராலேயே கர்ப்பமானேன் என்கிறாள். யூதா அவற்றைப் பார்க்கிறான், அவள் தன்னைவிட நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். தாவீதின் கதையிலும் இதே தர்க்கம். பத்சேபாள் குளித்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தவன் அரசன், ஆள் அனுப்பி அழைத்தவனும் அவனே, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டவனும் அவனே. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொல்லி, அந்த ஆள் நீதான் என்று அரசனைச் சுட்டுகிறார். பத்சேபாள்மீது ஒரு கண்டனமும் இல்லை. அவளை மயக்குகாரியாக வரைந்தவை பிற்கால நூற்றாண்டுகளின் கைகள். பழியை ஏற்பவனே நிமிர்ந்து நிற்கிறான் என்பதுதான் யூதாவின் கதையும் தாவீதின் கதையும் சொல்வது. ஆதாம் தவறவிட்டது அதைத்தான்.

அப்படியானால் ஏவாள்மேல் பழி எப்போது ஏறியது? எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானநூல். கத்தோலிக்கரும் கிழக்கத்திய திருச்சபைகளும் இதை வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள், சீர்திருத்தச் சபையார் சேர்ப்பதில்லை. இதன் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், பாவம் ஒரு பெண்ணிலிருந்து தொடங்கியது, அவளால் எல்லோரும் சாகிறோம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. சுற்றியுள்ள வரிகள் முழுவதும் பொல்லாத மனைவியால் கணவன் படும் பாட்டைப் பற்றியவை என்பதால், அந்த வரி ஏவாளைக் குறிக்கவே இல்லை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. குறிக்கிறது என்றே கொண்டாலும், இதே ஆசிரியர் பதினைந்தாம் அதிகாரத்தில் மனிதனைக் கடவுள் தொடக்கத்திலேயே அவனுடைய சுயவிருப்பத்தின் கையில் விட்டார், எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், எருசலேம் ஆலயம் இடிந்த துயரத்தில் எழுந்த இரண்டு யூத நூல்களில் வேறு பதில்கள் கிடைக்கின்றன. எஸ்ராவின் பெயரில் வழங்கும் நூல் ஆதாமை நோக்கி, நீ செய்தது உன்னோடு போகவில்லையே என்று கதறுகிறது. பாரூக்கின் பெயரில் வழங்கும் நூலோ, ஒவ்வொருவனும் தனக்குத் தானே ஆதாம் என்று முடிக்கிறது. கிறிஸ்தவம் பிறந்த காலத்தில், முதல் பாவத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மூன்று விடைகள் முன்னால் இருந்தன. பெண் என்ற விடையை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

பவுல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஒரே மனிதனால் பாவம் உலகில் வந்தது, ஒரே மனிதனால் மீட்பும் வந்தது என்று அவர் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஏவாள் பெயரே இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஏவாள் வருகிறாள். பாம்பு அவளை வஞ்சித்ததுபோல உங்கள் மனமும் கெடுமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தது ஆண்களும் பெண்களும் சேர்ந்த சபை முழுவதும். ஆண்களையும் ஏவாளின் இடத்தில் வைக்க அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பவுலின் பெயரில் உள்ள தீமோத்தேயுவுக்கான முதல் கடிதத்தில்தான் நிலைமை மாறுகிறது. பெண் உபதேசிக்கக் கூடாது என்ற கட்டளைக்குக் காரணமாக, ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான், வஞ்சிக்கப்பட்டதும் அவனல்ல, பெண்தான் என்று அங்கே சொல்லப்படுகிறது. நவீன விவிலிய அறிஞர்களில் பெரும்பாலோர் இக்கடிதத்தைப் பவுலுக்குப் பிந்தைய தலைமுறையினர் எழுதியதாகக் கருதுகிறார்கள். அதை வைத்து இந்த வசனத்தைத் தள்ளிவிட நான் முயலவில்லை. யார் எழுதியிருந்தாலும் அது வேதத்தில் இருக்கிறது. இதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் இலத்தீனில் எழுதிய ஒரு சிறுநூலில் பழி முழு வடிவம் பெற்றது. ஒவ்வொரு பெண்ணும் ஏவாளே என்றும், பிசாசு நுழைந்த வாசல் அவளே என்றும், கடவுளின் மகன் சாக நேர்ந்ததும் அவளால்தான் என்றும் அதில் அவர் சாடினார். அந்த நூலின் பொருள் பாவத்தின் தோற்றம் அல்ல என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பெண்களின் உடையையும் நகையையும் பற்றியது. சாயமிட்ட துணியும் முத்தும் பொன்னும் வேண்டாம் என்று சொல்ல விரும்பியவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, ஏவாள் கிடைத்தாள். பின்வந்த நூற்றாண்டுகள் முழுவதும் இதே முறையைக் காணலாம். பெண்ணிடமிருந்து ஏதாவது ஒன்றைத் தடுக்க வேண்டியிருக்கும்போதுதான் ஏதேன் தோட்டத்துக் கதை எடுக்கப்படும். ஒரு காலத்தில் அது நகை, பிறகு கல்வி, பிறகு பிரசங்க மேடை, பிறகு பிரசவ வலிக்கான மருந்து. முடிவு முதலில் வந்தது, வேத ஆதாரம் பின்னால் தேடப்பட்டது.

ஆதித் திருச்சபையின் தந்தையர் எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள் என்று நினைப்பது தவறு. மிலான் நகர ஆயர் அம்புரோஸ், நான்காம் நூற்றாண்டில் ஏதேனைப் பற்றி எழுதிய நூலில், பெண் தன் தவற்றை ஒப்புக்கொண்டாள் என்பதைக் குறித்து, ஒப்புக்கொண்ட குற்றம் மன்னிக்கத் தக்கது என்று எழுதினார். அகுஸ்தீனுடைய செல்வாக்கு மேற்கத்திய கிறிஸ்தவத்தில் யாருக்கும் இல்லாத அளவு பெரியது. பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பலவும் ஏற்க முடியாதவை. ஆனால் 'கடவுளின் நகரம்' நூலின் பதினான்காம் பகுதியில், வெளிப்படையாகச் செய்த பாவத்துக்குச் சாக்குத் தேடும் ஆணவம் இன்னும் மோசமானது என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாக ஆதாம் பெண்ணையும் பெண் பாம்பையும் காட்டியதை எடுத்துவைக்கிறார். மேற்கத்திய இறையியலின் மிகப் பெரிய ஆசிரியரே ஆதாமின் பதிலைத் தீர்ப்பாக எண்ணாமல் அதையே ஒரு பாவமாக எண்ணினார் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இவர்களையெல்லாம்விடத் தெளிவாகப் பேசியவர் நாசியான்சு கிரகோரி. கி.பி. 380 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் ஆற்றிய ஒரு பேருரையில், அன்றைய ரோமச் சட்டத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். அகஸ்து பேரரசன் கி.மு. 18இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, விபசாரம் என்ற குற்றம் மணமான பெண்ணைச் சுற்றியே வரையறுக்கப்பட்டது. மணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ வேசியிடமோ போனால் அது குற்றமே இல்லை. மனைவி தவறினால் தண்டனை, கணவன் தவறினால் கேள்வி இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்ட கிரகோரி, சட்டம் செய்தவர்கள் ஆண்கள், அதனால்தான் அது பெண்களுக்கு எதிராக இருக்கிறது என்று காரணத்தையும் சொன்னார். அந்த வழக்கத்தைத் தாம் ஏற்கவில்லை என்று அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. பெண் பாவம் செய்தாள், ஆதாமும் செய்தான். பாம்பு இருவரையும் ஏமாற்றியது. இருவரில் ஒருவர் பலசாலி, ஒருவர் பலவீனர் என்று கண்டறியப்படவில்லை. இருவரையும் கிறிஸ்து தம் பாடுகளால் மீட்டார் என்று ஏதேன் கதையையே சமத்துவத்துக்குச் சான்றாக்கினார். இந்த நியாயத்தைக் கண்டுபிடிக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது பேசப்பட்டது, கேட்கப்பட்டது, பிறகு ஓரங்கட்டப்பட்டது.

ஓரங்கட்டப்பட்டதற்கு ஒரு கைப்பிரதிச் சான்றே இருக்கிறது என்று அகுஸ்தீன் நம்பினார். யோவான் எட்டாம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். லேவியராகமமும் உபாகமமும் இத்தகைய குற்றத்துக்கு ஆண், பெண் இருவரும் சாக வேண்டும் என்று சொல்கின்றன. கையும் களவுமாகப் பிடித்தோம் என்று சொல்பவர்கள் ஆணை ஏன் கொண்டுவரவில்லை என்ற கேள்வி அந்தக் காட்சி முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இயேசு குற்றம் சாட்டியவர்களைத் தங்கள் பாவத்தைப் பார்க்கவைக்கிறார். பெண்ணிடம் இனிப் பாவம் செய்யாதே என்கிறார். அவளை ஆக்கினைக்கு உட்படுத்தவில்லை, அவள் செய்ததைச் சரி என்றும் சொல்லவில்லை. இந்தப் பகுதி நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கிரேக்கக் கைப்பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. பின்னால் சேர்ந்தது என்பதே இன்றைய அறிஞர்களின் பொதுக் கருத்து. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் வேறு விளக்கம் தந்தார். தங்கள் மனைவியருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று அஞ்சிய விசுவாசக் குறைவான ஆண்கள் சிலர் தங்கள் பிரதிகளிலிருந்து இதை நீக்கிவிட்டார்கள் என்றார். கைப்பிரதி வரலாற்றாக அவர் சொன்னது சரியாக இல்லாமல் இருக்கலாம். தம் காலத்து ஆண்கள் எதற்கு அஞ்சுவார்கள் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு அது சான்று.

பழியைத் தீர்ப்பாக வாசித்ததன் விலையை ஐரோப்பா கட்டியது. தொமினிக் சபைத் துறவி ஹைன்ரிக் கிராமர் 1485இல் இன்ஸ்ப்ருக் நகரில் சில பெண்களைச் சூனியக் குற்றத்துக்காக விசாரித்தார். அவருடைய விசாரணை முறையைக் கண்டு வெறுத்த ஆயர் கெயோர்க் கோல்சர் பெண்களை விடுவித்து, கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். தோல்வியோடு போன கிராமர் எழுதியதுதான் 'சூனியக்காரிகளின் சுத்தியல்'. 1486இன் இறுதியில் ஸ்பெயர் நகரில் அச்சேறியது. சூனியத்தில் ஏன் பெண்களே அதிகம் என்ற கேள்விக்கு அது ஏவாளையும் வளைந்த விலா எலும்பையும் காட்டியது. ஐரோப்பாவின் சூனிய வழக்குகளில் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் சாகடிக்கப்பட்டோர் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை என்று வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரு நூல் மட்டும் இத்தனைக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. பஞ்சம், போர், உள்ளூர்ப் பகை, நீதிமன்றங்களின் சித்திரவதை எல்லாம் சேர்ந்தே அந்தத் தீயை மூட்டின. பழி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு மட்டும் முன்பே பழக்கப்பட்ட ஒரு திசை இருந்தது.

அந்தத் திசையை எதிர்த்து எழுதிய பெண்களில் வெரோனாவின் இசோத்தா நொகரோலாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலத்தீன் இலக்கியத்தில் பெரும் புலமை பெற்றவர். அதன் காரணமாகவே 1430களின் இறுதியில் அவருடைய ஒழுக்கத்தின்மேல் பெயரில்லாமல் ஓர் அவதூறு எழுதப்பட்டது. படித்த பெண் கற்புள்ளவளாக இருக்க முடியாது என்பது அந்த அவதூறின் தர்க்கம். அவர் மணம் செய்துகொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே வேதப் படிப்பில் ஒதுங்கினார். 1451இல் வெனிஸ் அரசின் பிரதிநிதியாக வெரோனாவை ஆண்ட லுதோவிக்கோ ஃபோஸ்கரீனியோடு, ஆதாம் ஏவாள் இருவரில் யாருடைய பாவம் பெரிது என்று எழுத்தில் வாதம் நடத்தினார். கட்டளை நேரடியாக ஆதாமிடம் கொடுக்கப்பட்டது. அவன் அறிந்தே மீறினான். மனிதகுலத்தின் சாவு அவனுக்குச் சொன்ன தண்டனையில்தான் வருகிறது. பெண் அறிவிலும் உறுதியிலும் குறைந்தவள் என்று நீங்களே சொல்கிறீர்கள், குறைந்தவளின் குற்றம் எப்படிப் பெரிதாகும்? இதுதான் அவர் வாதத்தின் சாரம். ஃபோஸ்கரீனி ஏவாளின் ஆணவத்தையும் அவள் ஆதாமுக்குக் காட்டிய கெட்ட வழியையும் முன்வைத்தார். நொகரோலா எதிராளியின் கையிலிருந்த கத்தியையே வாங்கி அவர் பக்கம் திருப்பினார் என்பது உண்மை. ஆனால் அந்தக் கத்தி அவர் கையையும் அறுத்தது. பெண் குறைந்தவள் என்பதை ஒப்புக்கொண்டால்தான் அந்த வழக்கு வெல்லும்.

இலண்டனில் 1611இல், ஆங்கில வேதத்தின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பு ஜேம்ஸ் அரசனின் ஆணையால் வெளிவந்த அதே ஆண்டில், எமிலியா லேனியர் என்ற பெண்ணின் கவிதை நூலும் வெளிவந்தது. அதன் நடுவே ஏவாளுக்காக ஒரு நீண்ட வாதம் இருக்கிறது. அதைப் பேசுபவள் பிலாத்துவின் மனைவி. மத்தேயு நற்செய்தியின்படி, அந்த நீதிமானை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கணவனுக்குச் சொல்லியனுப்பியவள் அவள், அவன் கேட்கவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டதால் ஆதாம் விழுந்தான் என்பவர்களுக்கு, மனைவி சொன்னதைக் கேளாததால் விழுந்த ஆணை அதே வேதத்திலிருந்து லேனியர் எடுத்துக் காட்டினார். ஏவாள் அறியாமல் செய்த தவறு பெண்குலம் முழுவதற்கும் பழியானால், ஆண்கள் அறிந்தே கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்தது ஆண்குலம் முழுவதற்கும் பழியாக வேண்டுமே என்பது அவர் கேள்வி. முழுக் குலத்தின்மேல் பழி சுமத்தும் முறையை ஆண்களுக்கும் பொருத்திப் பார்த்தால் அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்துவிடும். அதைத் தெரியவைப்பதே அவர் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வாசிப்பு மருத்துவச் சாலையின் வாசலுக்கு வந்தது. எடின்பரோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் யங் சிம்சன் 1847 நவம்பரில் குளோரோஃபார்மின் ஆற்றலைத் தம்மிலும் நண்பர்களிலும் சோதித்துப் பார்த்துப் பிரசவத்தில் பயன்படுத்தத் தொடங்கினார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்க, வலியை நீக்குவது கடவுளின் சொல்லை மீறுவதாகாதா என்ற ஆட்சேபம் எழுந்தது. அந்த எதிர்ப்பு பிற்காலத்தில் கதையாகச் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதாக இல்லை என்று வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இருந்தும் சிம்சன் அதே ஆண்டில் அதற்குப் பதிலாக ஒரு சிறுநூலே எழுதினார். முள்ளும் குருக்கும் முளைக்கும் என்பது ஆணுக்குச் சொன்னது, உழவன் அதைப் பிடுங்கி எறிகிறானே, நெற்றி வியர்வை சிந்த வேண்டிய வேலையை மாடும் குதிரையும் இயந்திரமும் செய்கின்றனவே என்று கேட்டார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை ஆழ்ந்து தூங்கவைத்ததையும் நினைவூட்டினார். 1853இல் விக்டோரியா அரசி எட்டாவது பிள்ளையைப் பெறும்போது மருத்துவர் ஜான் ஸ்நோ குளோரோஃபார்ம் கொடுத்தார், பேச்சு அடங்கியது. ஆணின் தண்டனையைக் குறைக்க எந்த இறையியலாளரின் அனுமதியும் ஒருகாலும் தேவைப்படவில்லை என்ற உண்மையைச் சிம்சனின் பதில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இதே நூற்றாண்டில் அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காக மேடையேறிய சாரா கிரிம்கே, மாசச்சூசெட்சின் போதகர்கள் பெண்கள் பேசுவதைக் கண்டித்ததற்குப் பதிலாக 1838இல் வெளியிட்ட கடிதங்களில், ஏவாளைச் சோதித்தது மனிதனுக்கு மேற்பட்ட ஆற்றல், ஆதாமைச் சோதித்தவளோ அவனைப் போன்ற ஒரு மனிதப் பிறவி, அவன் அவளைக் கண்டித்துத் திருத்தியிருக்கலாமே என்று எழுதினார். எலிசபெத் கேடி ஸ்டான்டன் 1895இலும் 1898இலும் வெளியிட்ட 'பெண்ணின் விவிலியம்' இன்னும் கடுமையாகப் போனது. பெண் வாக்குரிமைச் சங்கமே 1896இல் 53க்கு 41 என்ற வாக்குகளில் அதோடு தனக்குத் தொடர்பில்லை என்று தீர்மானித்தது. கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. 1984இல் கான்சஸ் சிட்டியில் கூடிய தென் பாப்திஸ்து மாநாடு, பெண்களுக்குக் குருப்பட்டம் கூடாது என்ற தீர்மானத்தில், படைப்பில் ஆண் முதலாவது, வீழ்ச்சியில் பெண் முதலாவது என்பதையே காரணமாக எழுதியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1988இல், பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பதில் உறுதியாயிருந்த இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையே, பெண்ணின் மாண்பு பற்றிய தம் மடலில், முதல் பாவம் ஆண், பெண் இருவரின் பாவம் என்று எழுதினார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையைச் சொல்லி, பழிக்கு அவள் தனியாக நிற்க, அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் மறைந்திருக்கிறான் என்பதையும் சுட்டினார்.

இனி ஆட்சேபங்களைப் பார்க்கலாம். தீமோத்தேயுவுக்கான கடிதம் வேதமில்லையா என்பது முதல் ஆட்சேபம். வேதம்தான். அது சொல்வது என்ன? பெண் ஏமாந்தாள், ஆண் ஏமாறவில்லை. ஏமாறாதவன் தெரிந்தே செய்தான் என்றல்லவா பொருள்? தெரிந்து செய்த குற்றம் ஏமாந்து செய்ததைவிடப் பெரிது என்பது திருச்சபை எல்லாக் காலத்திலும் கற்பித்த ஒழுக்க நெறி. ஆகவே அந்த வசனத்தைப் பெண் ஏமாறக்கூடியவள் என்பதற்குச் சான்றாகக் காட்டலாமே தவிர, அவளே அதிகக் குற்றவாளி என்பதற்குக் காட்ட முடியாது. ஒரே வசனத்தை எல்லாவற்றுக்கும் திறவுகோலாக்கி, ரோமர் ஐந்தாம் அதிகாரத்தையும் எசேக்கியேலையும் ஓரத்தில் தள்ளுவது வேதத்தை மதிப்பதாகாது. இரண்டாவது ஆட்சேபம், இன்றைய சமத்துவத்தைப் பழைய நூலுக்குள் திணிக்கிறோம் என்பது. பழைய நூலில் ஆணாதிக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண் குழந்தை பெற்றவளுக்கு ஆண் குழந்தை பெற்றவளைவிட இரட்டிப்பு நாள் தீட்டு என்கிறது லேவியராகமம். சந்தேகத்துக்கு உள்ளான மனைவிக்குக் கசப்புத் தண்ணீர்ச் சோதனை வைக்கும் எண்ணாகமம், சந்தேகத்துக்கு உள்ளான கணவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஓசியாவும் யூதாவின் ஒப்புதலும் நாத்தானின் விரலும் அதே நூலில்தான் இருக்கின்றன. கிரகோரி பேசியது பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பு. கணவன் ஆளுவான் என்ற வாக்கியம்கூட, வீழ்ச்சிக்குப் பிறகு கெட்டுப்போன உலகம் எப்படியிருக்கும் என்ற பட்டியலில், முள்ளோடும் சாவோடும் சேர்ந்து வருகிறது. முள்ளைப் பிடுங்குவது குற்றமில்லை என்றால் இதைப் பிடுங்குவதும் குற்றமில்லை.

மூன்றாவது ஆட்சேபம் நல்லெண்ணத்தோடு வருவதால் அதற்குப் பதில் சொல்வது கடினம். ஆணே குடும்பத்தின் தலை, கடவுள் முதலில் அழைத்தது ஆதாமைத்தான், ஆகவே முழுப் பொறுப்பும் ஆதாமுக்கே, ஏவாளை விட்டுவிடுவோம் என்று இன்று பல போதகர்கள் சொல்கிறார்கள். பெண்ணுக்குப் பழியில்லை என்று கேட்க இது இதமாயிருக்கிறது. ஆனால் பொறுப்பை எடுத்துவிட்டால் மாண்பையும் கூடவே எடுத்துவிடுகிறோம். சிறுபிள்ளை செய்ததற்குத் தகப்பன் பதில் சொல்வான்; வளர்ந்தவள் செய்ததற்கு அவளே பதில் சொல்வாள். கடவுள் ஆதாமோடு விசாரணையை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. பெண்ணிடம் திரும்பி, நீ என்ன செய்தாய் என்று தனியாகக் கேட்கிறார். அவளும் தன் வாயால் பதில் சொல்கிறாள். அவளும் பாம்பைக் காட்டினாள் என்பதை மறைக்கத் தேவையில்லை. பழியைத் தள்ளும் பழக்கம் ஆணுக்கு மட்டும் சொந்தமில்லை. ஏவாளைக் குற்றவாளியாக்கியவர்களும் அவளைப் பொறுப்பற்றவளாக்கி மன்னிக்க முன்வருபவர்களும், அவளிடம் தனியாகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை அழித்துவிடுகிறார்கள். நொகரோலாவின் வாதம் எங்கே வலித்ததோ அங்கேயே இந்த நல்லெண்ணமும் வலிக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்த இந்த வழக்கில் என் முடிவு இது. வேதநூல் பெண்ணுக்குப் பழியை எழுதிவைக்கவில்லை. பழியைத் தள்ளிவிடும் மனிதரை எழுதிவைத்தது. ஆதாமின் வாயில் அது சாக்கு, யூதாவின் வாயில் ஒப்புதல். எதைத் தேர்ந்துகொள்வது என்பது வாசிப்பவரின் கையில் இருக்கிறது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் ஏன் அந்த நேரத்தில் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்கும் ஒவ்வொரு வாயும், தெரிந்தோ தெரியாமலோ, ஆதாமின் பதிலைத்தான் திரும்பச் சொல்கிறது. இச்சையோடு பார்ப்பவனின் கண்ணே இடறல், அந்தக் கண்ணைப் பிடுங்கி எறி என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு பார்த்தவனிடம் சொன்னார்; பார்க்கப்பட்டவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிரசங்க மேடையில் ஏறுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும் நாளில் ஆதாமின் பதிலோடு நிறுத்தாதீர்கள். கடவுள் இருவரிடமும் தனித்தனியே கேட்டார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அதன் பிறகு, முதல் வரிசையில் இருக்கும் ஆண்களிடம் யூதாவின் கதையைச் சொல்லுங்கள்.